முட்டை வரும் நாள்

எங்கள் தெருவில் காற்று அடித்தால் பஞ்சு பறக்கும். குஞ்சுகளின் உடம்பிலிருந்து உதிர்கிற மஞ்சள் பஞ்சு அது. முட்டைகளை இயந்திரத்தில் அடைவைத்துக் குஞ்சு எடுக்கும் பொரிப்பகத்தின் பின்சுவரில் இருந்த பெரிய விசிறிகள் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கூரை மேலும், காயப்போட்ட துணி மேலும், மூடாமல் வைத்த பாத்திரத்திலும் வந்து உட்காரும். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் முழுக்கத் தும்முவார்கள். பிறகு அவர்களும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, தும்முவதை மறந்துவிடுவார்கள்.

அண்ணி உயிரோடு இருந்த கடைசிக் கோடையில் அந்தப் பஞ்சு குறைவாகத்தான் பறந்தது. காற்று நின்றுபோயிருந்தது. முட்டைகளை அடைவைக்கும் அறைகளின் குளிரூட்டும் இயந்திரங்கள் அடிக்கடி திணறி நின்றன. குஞ்சுகள் குறைந்தன. மேனேஜர் ஒவ்வோர் அறைக் கதவிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அண்ணன் அந்தப் பொரிப்பகத்தின் முட்டை லாரியை ஓட்டினான். தூரத்துப் பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றிவருவது வேலை. வாரம், பத்து நாள் வெளியே இருப்பான். நாலைந்து நாள் வீட்டில். அண்ணிக்கு உள்ளே வேலை. நான் கல்யாணமான வருஷமே கணவரைப் பறிகொடுத்துத் திரும்பியவள். பெட்டியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து அண்ணி கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது. இரண்டாவது, நாளைக்கே வேலைக்கு வருகிறாயா, ஆள் குறைகிறது என்பது. பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிப்பேன் என்பதால் எனக்கு எலி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

எங்கள் இருவருக்கும் வெளிச்சம் பார்க்கும் வேலை. இருட்டறை, நடுவே ஒரு மேசை, மேசைக்கு அடியில் விளக்குகள். அடைவைத்து ஏழு நாளான முட்டைகளைத் தட்டோடு அதன் மேல் வைத்தால் ஒவ்வொன்றின் உள்ளும் தெரியும். சிலந்தி கால் பரப்பியது போல நரம்பு ஓடி, நடுவில் ஒரு புள்ளி துடித்தால் உயிருள்ளது. வெறும் மஞ்சள் நிலாவாகத் தெரிந்தால் கூமுட்டை, சேவல் படாதது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஓட்டை ஒட்டிச் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருக்கும். தொடங்கி, நின்றுபோனது. அந்தக் கோடையில் வளையங்கள் அதிகம். அண்ணி அவற்றை எடுத்து வாளியில் போடும்போது மற்றவர்களைப் போல எறியமாட்டாள், வைப்பாள்.

பொரிவதற்கு மூன்று நாள் இருக்கையில் முட்டைகளை அடைப்பெட்டியிலிருந்து பொரிப்புப் பெட்டிக்கு மாற்றவேண்டும். அதற்கு மாற்று நாள் என்று பெயர். தட்டுகளைத் தோளுயரத்துக்குத் தூக்கி, சாய்க்காமல் அதிராமல் கூடைக்குள் இறக்க வேண்டும். அதில் அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் மாற்றிய கூடையில் விரிசல் விட்ட முட்டை அபூர்வம் என்று மேனேஜரே சொல்வார்.

அண்ணிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அண்ணிக்கு வேறு எதிலும் குறை கிடையாது. வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவாள், விழுந்து விழுந்து சிரிப்பாள், வம்பு கேட்பாள். இந்த ஒன்றுக்காக மட்டும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டே இருந்தாள். மாதா மாதம் அந்த நாள் நெருங்கும்போது பேச்சு குறையும். வந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மறுநாள் பழையபடி ஆகிவிடுவாள்.

சாப்பாட்டு இடைவேளையில் எங்களோடு உட்காருகிறவள் சிரிப்பக்கா. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர். நாலு பிள்ளை பெற்றவள். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டுதான் எதையும் சொல்வாள்.

"உன் வீட்டுக்காரன் லோடு லோடா முட்டை கொண்டாறான். ஒண்ணே ஒண்ண வீட்டுல எறக்க நேரமில்லையாடி அவனுக்கு?"

"எறக்குறாருக்கா. ரசீதுதான் வர மாட்டேங்குது."

சுற்றியிருந்தவர்களுக்குச் சோறு புரையேறிவிட்டது. அண்ணியும் சிரித்தாள். பிறகு டிபன் பாக்ஸைப் பாதியில் மூடி வைத்தாள்.

அண்ணனும் அண்ணியும் இந்த விஷயத்தைக் கடவுள் விட்ட வழி என்று சும்மா விட்டவர்கள் இல்லை. அவர்களிடம் ஒரு முறை இருந்தது. பொரிப்பகத்தில் வேலை செய்யாத யாருக்கும் அது தோன்றியிருக்காது. முட்டை எடுக்கப் போகும் பண்ணையில், சேவலைப் பிரித்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் கருவுள்ள முட்டை வரும் என்று அண்ணன் கேட்டுவந்திருந்தான். அது உண்மைதான். கோழியின் உடம்பு சேவலின் வித்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். முட்டை இறங்கும்போது அது தயாராக இருக்கும். இதிலிருந்து அவர்கள் கணக்குப் போட்டார்கள். கோழிக்கு வெளியே வருவது முட்டை. பெண்ணுக்கு மாதம் ஒருமுறை வெளியே வருவது உதிரம். ஆகவே முட்டை அதோடுதான் வரவேண்டும். வித்து அதற்கு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். அப்படியானால் அண்ணன் வீட்டில் இருக்கவேண்டியது மாதவிலக்குக்கு முந்தின நாலைந்து நாள்.

"நம்ம ஆளு மொதல்ல போய் உக்காந்துக்கணும். முட்டை வரும்போது வரவேற்க ஆள் வேணும்ல?" என்பான் அண்ணன்.

"ஆமா, மாலையோட நிக்கச் சொல்லுங்க."

அண்ணிக்கு மாதம் பிசகாமல் வரும். அதனால் வண்டி ஒதுக்கும் கிளார்க்கிடம் முன்கூட்டியே சொல்லி, தூரத்துப் பயணங்களையெல்லாம் அண்ணன் நடு மாதத்துக்குத் தள்ளிவிடுவான். கேட்டு வாங்கி, கெஞ்சி வாங்கி, மற்ற டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொள்வான். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டில் இருக்கும்போதே உதிரம் வந்தது. அண்ணி குளியலறையிலிருந்து வெளியே வரும் விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அந்த வருஷம் வெயில் தொடங்கும் முன்பு, அண்ணி பிடிவாதம் பிடித்து இருவருக்கும் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொள்ள வைத்தாள். இருவருக்கும் குறை எதுவும் தெரியவில்லை என்றார்கள். முடிவை வாங்கிவர அண்ணியும் நானும் போயிருந்தோம். அங்கே ஒரு பருத்த நர்ஸம்மா, மேசை விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் என்ன வேலை, எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்டாள். அண்ணி தங்கள் முறையை விளக்கமாகச் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்தினாள். "இத யாரு சொன்னது உனக்கு?"

"கோழிக்கு அப்படித்தாம்மா."

"நீ கோழியா?"

நர்ஸம்மா விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். அதன் பிறகு அவள் பேசியதை நான் மறக்கவில்லை.

"இங்க பாரும்மா. உதிரம் வர்றது முட்டை வர்றது இல்ல. முட்டை அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே உள்ள வந்துடும், உனக்கே தெரியாம. வந்தா ஒரு நாள்தான் இருக்கும். அந்த முட்டைக்கு ஆள் சேந்தா வந்து படுக்கட்டும்னு கர்ப்பப்பை மெத்தை விரிச்சு வைக்குது. யாரும் வரலன்னு தெரிஞ்சதும் மெத்தையச் சுருட்டி வெளிய போடுது. அதுதான் மாசா மாசம் நீ பாக்குறது. நீங்க ரெண்டு பேரும் சுருட்டுற நேரமாப் பாத்துப் போய் நிக்குறீங்க."

வித்து பெண்ணின் உடம்பில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள்தான் தாங்கும் என்றாள். ஆகவே முட்டை வரும் நாளுக்கு முந்தின சில நாட்களும் அந்த நாளும்தான் காலம் என்றாள். அந்த நாளை எப்படித் தெரிந்துகொள்வது என்று அண்ணி கேட்டாள். மாதம் பிசகாதவர்களுக்கு அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் ஏறக்குறையத் தெரியும். அடையாளமும் ஒன்று உண்டு என்று சொல்லி, உவமைக்குத் தடுமாறினாள்.

"வெள்ளை படும்ல, அது அந்த நாலஞ்சு நாள் வேற மாதிரி இருக்கும். தெளிவா, வழவழன்னு, இழுத்தா நீளும். எப்படிச் சொல்றது… முட்டையோட வெள்ளைக்கரு பாத்திருக்கியா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாத்திருக்கியா என்று எங்களையா கேட்கிறாள்? அண்ணி முதலில் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு நான். நர்ஸம்மா ஒன்றும் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். கிளம்பும்போது, நாள் தள்ளிப்போனால் உடனே வா என்று சொல்லி அனுப்பினாள். தள்ளிப்போகாவிட்டாலும் வரவேண்டி இருக்கலாம் என்பதை அவள் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷம் எலி. கதவு சாத்தினப்புறமா போய்த் தட்டிட்டு இருந்திருக்கோம்."

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு நம்பாதவன் போலச் சிரித்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு எழுந்து போய், முந்தின நாள்தான் கழுவிய லாரியை மறுபடியும் கழுவினான்.

மறுமாதத்திலிருந்து பயணங்கள் தலைகீழாக மாறின. கிளார்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழக்கே போகிறவன் மேற்கே போகிறான், மாதக் கடைசியில் நின்றவன் நடுவில் நிற்கிறான் என்று தலையைச் சொறிந்தார். அண்ணி அந்த வெள்ளை அடையாளத்துக்காகக் காத்திருந்து, வந்ததும் அண்ணனுக்கு ஜாடை காட்டுவாள். என் முன்னால் அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருக்கப் படும் பாடு பெரிய வேடிக்கை. நான் பக்கத்துத் தெருவில் சிரிப்பக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். வீட்டில் பேச்சும் சிரிப்பும் கூடின. இவ்வளவு சந்தோஷம் வேண்டாமே என்று எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம். கணவரைப் பறிகொடுத்தவளின் நடுக்கம் அது என்று ஒதுக்கிக்கொண்டேன்.

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதம் தேதி வந்தது. அன்று உதிரம் வரவில்லை. மறுநாளும் இல்லை. அண்ணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. தட்டுத் தூக்கும்போது மட்டும் படிக்கட்டில் இறங்குகிறவள் போல வயிற்றை எச்சரிக்கையாக வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை அடுப்படியில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"வந்துடுச்சு எலி. மெத்தையச் சுருட்டிட்டாங்க."

அண்ணன் அப்போது வெளியூரில். போனில் சொன்னபோது, விடும்மா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றானாம். அண்ணியும் மனதைத் தேற்றிக்கொண்டாள். உடம்புதான் தேறவில்லை. வழக்கமாக நாலு நாளில் நின்றுவிடும் உதிரம் அந்தத் தடவை நிற்காமல் கசிந்தது. கொஞ்சமாக, கொதித்த டீத்தூள் நிறத்தில். நின்றது போல இருக்கும், மறுபடி வரும். வாரம் தாண்டிவிட்டதே, நர்ஸம்மாவிடம் ஒரு எட்டு போய்வரலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நாள் தள்ளினா வரச் சொன்னாங்க. தள்ளல. வந்துடுச்சு. இதப் போய் என்னன்னு சொல்றது?" என்றாள். பிறகு, "இந்த வெயில்ல முட்டையே கருகுது. நான் என்ன இரும்பா?"

சிரிப்பக்காவும் சூடுதான் என்றாள். மோர் குடி, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்றாள். அடிவயிற்றில் இடப்பக்கமாக ஒரு வலி இருந்தது. அண்ணி அதற்கு வெந்நீர் புட்டியை வைத்துக்கொண்டு மாத்திரை போட்டுக்கொண்டாள். உதிரம் வந்துவிட்டால் கரு இல்லை. இதை அவள் இப்போதுதான் படித்தவர்கள் வாயால் கேட்டிருந்தாள்; முந்தைய கணக்கைவிட இதை உறுதியாக நம்பினாள். நானும் நம்பினேன். அது பெரும்பாலும் சரியான கணக்கு என்பதுதான் அதில் இருந்த ஆபத்து.

பொரிப்பகத்தில் அந்த வாரம் இரண்டு அறைகளில் குளிர் நின்றுபோய், முட்டைகளை அவசரமாக இடம் மாற்றினோம். லீவு எவருக்கும் கிடையாது. அண்ணிக்குத் தோள்பட்டையில் குத்தல் எடுத்தது. இடது தோளின் நுனியில், ஆழமாக. படுத்தால் அதிகமானது. தட்டுத் தூக்குகிற எங்கள் எல்லோருக்கும் தோள் வலி உண்டு. சிரிப்பக்கா தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். அந்த வலி தோளினுடையதே அல்ல, வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் மேலே முட்டுவதால் வருவது என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

மாற்று நாள் காலையில் அண்ணி கூடைக்கு முன்னால் தட்டோடு நின்றவள், ஒரு கணம் அசையாமல் நின்றாள். தட்டை நிதானமாக மேசை மேல் வைத்தாள். ஒரு முட்டைகூட உருளவில்லை. பிறகு, "எலி, கண்ணு இருட்டுது" என்று சொல்லிவிட்டுச் சரிந்தாள். நெற்றி ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. உதடு சுண்ணாம்பு நிறத்துக்குப் போயிருந்தது. குஞ்சு ஏற்றும் வேனில் கூடைகளை இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்தோம். மேனேஜரே ஓட்டினார். சிரிப்பக்கா அவள் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வாயை மூடாமல் மேனேஜரை வைதுகொண்டே வந்தாள். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தாள். சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்தார்கள். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு அண்ணி தோள் வலி என்றுதான் சொன்னாள். டாக்டர் குனிந்து அவள் முகத்துக்கு அருகில் வந்தாள்.

"அம்மா, நீங்க கர்ப்பமா இருக்கீங்க."

அதற்குள் யாரோ இரத்த வகை கேட்டுக் கூப்பிட்டார்கள். டாக்டர் திரும்பி அவர்களுக்குப் பதில் சொன்னாள். கொஞ்ச நேரம்தான். அதற்குள் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணப் பெண்ணிடம்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "அண்ணனுக்குச் சொல்லிடு," என்றாள். "ஆனா வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது சொல்லாத."

டாக்டர் திரும்பி வந்து மீதியைச் சொன்னாள். கரு கர்ப்பப்பையில் இல்லை, வருகிற வழியில் குழாயிலேயே தங்கி வளர்ந்துவிட்டது, குழாய் வெடித்து உள்ளே இரத்தம் போகிறது, உடனே வயிற்றைத் திறக்கவேண்டும். இத்தனை நாள் வந்தது மாதவிலக்கு இல்லை, இதுதான் கசிந்தது. ஏன் இப்படி ஆகிறது என்று எப்போதும் சொல்லமுடியாது என்றாள். கையெழுத்துப் போட யார் இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள்.

அண்ணி டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுத்துச் சரியான எடத்துல மாத்தி வைக்க முடியாதாம்மா? நாங்க தெனம் மாத்துறோம். அதிராம எடுத்தா ஒண்ணும் ஆகாது."

டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். முடியாதும்மா என்று மட்டும் சொன்னாள். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சிரிப்பக்காவும் மேனேஜரும் இரத்தம் கொடுக்கப் போனார்கள். அவர்கள் கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு திரும்புவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே போவதற்கு முன்பே ரொம்ப இரத்தம் போயிருந்தது என்றார்கள்.

அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அண்ணனுக்குப் போனில் சொன்னோம். அவன் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. முட்டை ஏற்றிய லாரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான். டாக்டர் அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நாங்க பாத்த நாள் சரியான நாள்தானா டாக்டர்?"

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. என்றாலும் ஆமாம் என்றாள்.

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உடம்பில் டீசல் வாசனை. அழுகை இன்னும் வரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. டாக்டர் அவங்ககிட்டதான் மொதல்ல சொன்னாங்க."

"சந்தோஷப்பட்டாளா?"

"பட்டாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. வண்டி ஓட்டும்போது சொல்லக் கூடாதுன்னாங்க."

அப்போதுதான் அழுதான்.

அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் இருபது வருஷம் போல நானும் அவனும் அந்த வீட்டில் இருந்தோம். போன மழைக்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். இடையில் எப்போதாவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அன்னிக்கு அவ மொகம் எப்படி இருந்துச்சு, சொல்லு" என்பான். நான் சொல்வேன். கையைப் பிடித்து இழுத்ததை, வெட்கப்பட்டதை, வண்டி ஓட்டும்போது சொல்லாதே என்றதை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். டாக்டர் திரும்பி வந்த பிறகு அண்ணி கேட்டதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவனும், அப்புறம் என்று கேட்டதில்லை. தட்டில் இருக்கும் சோற்றை மீதம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.